எடைத்தாள்

பலாலியில் என் வேலை
ஆட்களை நிறுப்பது.
பன்னிரண்டு கதிரை, ஒரு எஞ்சின்,
கொக்கு மாதிரிக் காலூன்றி நிற்கிற சின்னப் பிளேன்.
பெட்டியை மட்டும் நிறுத்தால் அதற்குக் காணாது,
பெட்டிக்காரரையும் நிறுக்கவேணும்.

எவ்வளவு என்று வாயால் கேட்பதை விட்டுவிட்டேன்.
நாலு கிலோ குறைத்துத்தான் சொல்லுவினம்,
ஆம்பிளையளும்தான்.
ஏறுங்கோ என்பேன். முள் சொல்லும்.

முன்னம் சுன்னாகத்தில் வெங்காயம் நிறுத்தனான்.
அங்கே அரைக் கிலோ பிழைத்தால்
முதலாளிக்கு லாபம், இல்லாட்டி எனக்கு ஏச்சு.
இங்கே பிழையை
ஓடுபாதை முடிகிற இடத்தில்தான் கண்டுபிடிக்கலாம்.

அறைச் சுவரில் ஒரு படம்,
கப்டன் யூட் நிமலராஜ் ஒட்டினது.
சின்ன விமானங்கள், பக்கவாட்டில், கறுப்புக் கோட்டில்,
பழசிலிருந்து புதுசுக்கு.

முதலாவது, மரச்சட்டத்தில் துணி.
மோட்டார்சைக்கிள் எஞ்சின். கூரை இல்லை.
காசில்லாதவனும் பறக்கட்டும் என்று கீறினதாம்.
மழைக்கு ஒரு துண்டுக் கண்ணாடி,
அதுவும் முகத்தளவு.
அடுத்ததில் தகரம் வந்துவிட்டது.
பிறகு காருக்குப் போல ஒரு கதவு.
பிறகு மூக்குக்குக் கீழே ஒரு சில்லு,
இறக்கத் தெரியாதவனையும் இறக்கிவிட.

கடைசி வரியில் கொம்பனிக்காரர் பறப்பவை.
ஊசி மூக்கு, நுனி மடித்த சிறகு,
தோல் கதிரை, கோப்பை வைக்க ஒரு குழி,
கதவு பூட்டுகிற கக்கூஸ்.
போன மாசம் அப்படி ஒன்று வந்து நின்றது.
ஆறு கதிரைக்கு ஒரே ஒருத்தர்,
நயினாதீவுக்கு நேர்த்தியாம்.
அவரை நிறுக்கச் சொல்லி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.
தராசைக் கண்டதும்
கோயில் வாசலில் கழற்றுவதுபோல் சப்பாத்தைக் கழற்றி
தானாகவே ஏறி நின்றார்.
தொண்ணூற்றொன்று.
இறங்கி, இன்னொருக்கால் ஏறிப் பார்த்தார்.

நடுவில், ஐந்தாவதாக, ஒன்று.
இரண்டு பேர் அருகருகே இருந்து
பறக்கப் பழகுவதற்கென்று கீறினது.
இதை எனக்குத் தெரியும்.
கீழேயிருந்து தெரியும்.
ஏழு வயதில், பங்கருக்குள், தலையில் மண் உதிர,
எந்தப் பக்கம் கிறுகுது என்று
சத்தத்தை வைத்தே சொல்லுவேன்.
பழகுகிற பிளேனின் சிறகில்
அந்தப் பாரத்தைக் கொழுவியவனிடமும்
ஒரு தாள் இருந்திருக்கும்,
என்னுடையதைப் போல, கட்டம் போட்டு,
கூட்டி, சரிபார்த்து, கையெழுத்து வைத்து.

பக்கவாட்டில் அதை முதன்முதலாக
இந்தச் சுவரில்தான் பார்த்தேன்.
வடிவாயிருந்தது.
அந்தச் சொல்லை வாய்க்குள் இன்னொருக்கால் சொல்லிப் பார்த்தேன்.
வடிவு.
வெளியே வரிசை நின்றது. போய் நிறுத்தேன்.

எல்லாவற்றின் வயிற்றிலும் ஒரு சின்ன வட்டம்,
நாலாய் வெட்டி, இரண்டு துண்டு கறுப்பு, இரண்டு வெள்ளை.
முழுப்பாரமும் வந்து கூடுகிற இடம் அது, என்றார் யூட்.
அது கையளவு பின்னுக்குப் போனாலும்
பிளேன் சொல்வழி கேளாது.
மற்றதெல்லாம் காசுக்குத் தக்கபடி.
இது துணிப் பிளேனுக்கும் இதே வட்டம்தான்.

நேற்று ஏழு பேர், ஒரே குடும்பம்,
உடுவிலில் கலியாணம் முடித்துத் திரும்புகிற ஆட்கள்.
முன்வரிசையில் இறுகி இருந்துகொண்டு
ஒருவரும் பின்னுக்குப் போகமாட்டினமாம்.
யூட் தாளைப் பார்த்தார்.
"மூக்குப் பாரம். பின்னுக்கு அறுபது கிலோ வேணும்.
மண்மூட்டை இருக்கா?"
இருந்த மூட்டையை மழைக்கு வாசலில் போட்டிருந்தோம்,
நனைந்து எவ்வளவு என்று அதற்கே தெரியாது.
"அப்ப நீங்கள் ஏறுங்கோ."

ஒன்பது வருசம் இங்கே வேலை.
ஒருநாளும் ஏறினதில்லை.

பதினோராம் கதிரைக்கு நேரே
ஐம்பத்தெட்டு என்று எழுதினேன்.
பிறகு தராசில் ஏறினேன்.
முள் ஆடி நிற்கும்வரைக்கும்
யூட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.
அழித்தேன்.
அறுபத்திரண்டு,
செருப்போடு.