மூன்றரையால் பெருக்கு

மருந்துக் கம்பனி இலவசமாய்த் தந்த டயறியில்
இருமல் பாணி விளம்பரத்துக்குக் கீழே
எழுதத் தொடங்கினேன்:
மூன்று பேர், ஐந்து இரவு, ஒரு கராவன்.
மதுரையில் ஏறி மதுரையில் இறங்குவது.

ஒல்லாந்துக் கிழவர் ஒருவர் போட்ட விதை இது.
அவர் ஊரில் வீட்டையே காருக்குப் பின்னால்
கொழுவிக்கொண்டு போவார்களாம்.
கேட்ட நாளிலிருந்து சவரிராஜுக்குத் தூக்கமில்லை.
வீடு இருக்க வேனில் படுக்கவா வெளிநாடு என்றாள் மதினி.
ஹோட்டலைவிட மலிவு என்றேன்.
அப்போது கணக்குப் பார்த்திருக்கவில்லை.

எல்லாவற்றையும் மூன்றரையால் பெருக்கு என்றாள்
காசு மாற்றும் கடையில் நிற்கிற ரெஜினா.
பெருக்கினேன்.
வாடகை, டீசல், காஸ், இரவில் நிறுத்துமிடம்,
அங்கே குடிக்கப்போகும் பிளேன்டீயைக்கூட.
முற்பணம் திரும்பக் கிடைக்கும் என்றார்கள்;
நம்பாமல் செலவோடு சேர்த்தேன்.
பெருக்கப் பெருக்க இந்தியா
பண்டாரவளையிலிருந்து தள்ளித் தள்ளிப் போனது.

பாஸ்போட்டுக்குக் கொடுத்த பிறப்புச் சான்றிதழில்
என் புருஷன் சவுரிராஜா.
ஓர் எழுத்தைத் திருத்த மூன்று நாள் லீவு,
நாலு பஸ், ஒரு சத்தியக் கடதாசி.
உள்ளூர்க் காசு என்பதால் அதை மட்டும் பெருக்கவில்லை.

பாதை போடும்போதுதான் சண்டை.
மூணாறு என்றார். அடித்தேன்.
வால்பாறை. அடித்தேன்.
ஊட்டி என்று வாய் திறக்கமுன்
தேயிலை நிற்கும் எந்த ஊருக்கும்
காசு கொடுத்து நான் வரமாட்டேன் என்றேன்.
டிலுக்ஷி ஃபோனில் வரைபடத்தை விரித்து
வளைவே இல்லாத ரோட்டொன்றைக் கண்டுபிடித்தாள்,
ராமநாதபுரம் பக்கம்.
அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் கிடந்தது.
மூவரும் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிரைவரோடு எடுத்தால் ஒரு விலை, தனியே எடுத்தால் ஒரு விலை.
டிரைவருக்கு எதற்கு டிரைவர் என்றார்.
பதினொரு வருசமாய் வெள்ளைக்காரரை
எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் ஏற்றி இறக்குகிற மனிதர்.
அருவியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்,
எங்கே நிறுத்தலாம், எங்கே டொய்லட் என்று சொல்வார்.
தண்ணீர் எப்படி விழுகிறதென்று தெரியாது.
அதனால் டிரைவர் கூலியை
அவர் புரட்டாத பக்கமொன்றில்,
மலச்சிக்கல் மாத்திரைக்குக் கீழே
ஒளித்து வைத்திருந்தேன்.

முதலாளி கொழும்புக்குப் போன சனிக்கிழமை
வேனின் நடு சீட்டைக் கழற்றிவிட்டு
அப்புத்தளை ரோட்டோரம் ஒத்திகை பார்த்தோம்.
காற்று அடுப்பை நாலு முறை அணைத்தது.
ஐந்தாம் முறை பற்றவைக்காமல்
பாணும் சம்பலும் தின்றோம்.
மெத்தை ஐந்தரை அடி, அவர் ஐந்தே முக்கால்.
எங்கள் மூச்செல்லாம் கூரையில் தண்ணீராகி
டிலுக்ஷியின் நெற்றியில் சொட்டியது.
ஒன்றுக்குப் போகத் தேயிலைக்குள் இறங்கினால் அட்டை.

பதினொரு மணிக்குக் கண்ணாடியில் டோர்ச் வெளிச்சம்.
வீடு எங்கே என்றார் பொலிஸ்காரர்.
அதோ என்றேன். மூன்று வளைவு கீழே
நான் அணைக்க மறந்த குசினி லைட்.
பிறகு ஏன் இங்கே?
பழகுறோம் சேர் என்றாள் மகள், சிங்களத்தில்.
அவர் எங்களையும் அந்த லைட்டையும்
மாறி மாறிப் பார்த்தார்.
சில்லுக்குக் கல் வைத்தீர்களா என்று கேட்டு
தானே இரண்டு தேடி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு மணிக்கு முழித்தால்
பக்கத்தில் புருஷனைக் காணவில்லை.
முன் சீட்டில், ஸ்டியரிங்கில் ஒரு கை,
நிமிர்ந்தபடி,
நல்ல தூக்கம்.

ஃபோன் வெளிச்சத்தில் டயறியை எடுத்தேன்.
கல், இரண்டு. இலவசம்.
டிரைவர் கூலி, ஐந்து நாள்: அடித்தேன்.
முன்னாலிருந்து குறட்டை வந்தது.
அடித்ததற்குப் பக்கத்தில் சின்னதாய் எழுதினேன்:
ஒரு நாள். அந்த நேர் ரோட்டுக்கு மட்டும்.
அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே
பெருக்கினேன்.