ஞாயிறு, ஐந்து நாற்பது

எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.
யாரும் வாங்காமல் போன உறை,
ஓரத்தில் இன்னும் இருக்கிறது:
கன்னியப்பன், இடது தோள்.

ஆட்டக் கட்டணம் தலைக்குத் தொண்ணூறு.
மூன்று தலை.
தேசிங்குக்கு நூற்றைம்பது, கூட ஒரு டீ, இரண்டு வடை.
(கேட்கமாட்டான். வடைச்சட்டியைப் பார்ப்பான்.)
பந்து ஆறு,
ஆடு மேய்க்கும் அஞ்சலாட்சி
பால் கவரில் பொறுக்கிச் சேர்ப்பது,
ஒன்று பத்து ரூபாய், வெட்டு விழுந்தது ஐந்து.
போன மாதம் நான் தொலைத்ததையே
அவளிடம் பேரம் பேசி வாங்கினேன்.

மேல்விஷாரம் தாண்டி,
மூடிக்கிடக்கும் பீங்கான் கம்பெனிக்குப் பின்னால்
ஒன்பது குழி.
புல் ஐப்பசியில் வரும், விருந்தாளி மாதிரி,
தங்காது.
கொடி நட்ட இடத்தில் மட்டும்
மணலில் பழைய எஞ்சின் ஆயில் ஊற்றி உருட்டியிருப்பார்கள்.
கிரீன் என்றுதான் சொல்கிறோம்.
என் கேன்வாஸ் ஷூவைக் கேட்டால் வேறு சொல்லும்.

சிக்கல், ஏழாம் நம்பர் இரும்பு.
மூன்று பேருக்கு ஒன்று.
முஸம்மிலின் தோல் கம்பெனிக்குச் சரக்கு பார்க்க வந்த ஜெர்மன்காரர்
பெட்டி எடை கூடிப்போய் விட்டுச் சென்றது.
ஆகவே யார் எங்கே நிற்பது என்பதும் திட்டத்தில் வருகிறது.
லோகநாயகி எப்போதும் வலப்பக்கம்.
முஸம்மில் எந்தப் பக்கம் என்று முஸம்மிலுக்கே தெரியாது.
நடுவில் தேசிங்கு, இரும்பைத் தூக்கிக்கொண்டு
கபடி பாடுகிறவன் போல இங்கும் அங்கும்.

ஐந்து நாற்பதுக்கு முதல் அடி.
எட்டுக்குள் முடிக்கணும்,
அதற்கு மேல் வேலூர் வெயில்
எலும்பைப் படம் எடுக்கும், என் மெஷின் வேண்டாம்.
லோகநாயகிக்குப் பத்து மணிக்கு வளைகாப்பு.
எனக்கு இரண்டு மணி டூட்டி,
ஷீபாவோடு மாற்றிக்கொண்டது.
பதிலுக்கு அவளுடைய கிறிஸ்துமஸ் ராத்திரியை நான் பார்க்கணும்.
அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

குழி வாரியாக:
ஒன்று, நேராக அடி. ஆசைப்படாதே.
மூன்று, சீமைக்கருவேலம். போனது போனதுதான்.
நான்கில் மயில்.
வெள்ளையாக உருண்டால் கொத்திப் பார்க்கும்,
பார்த்து முடிக்கட்டும்.
ஆறு, ஆட்டுக்கு வழிவிடு.
நிலம் கம்பெனியுடையது, நேரம் அஞ்சலாட்சியுடையது.
ஏழு, பாலாற்றின் கிளை.
குறுக்கே நூற்றுப்பத்து கஜம் மணல்.
விழும். இறங்கித் தோண்டி அடி.
எட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பத்தேகாலுக்குப் போன். தேசிங்கு.
"தூங்கிட்டியாக்கா?
ஆத்துல தண்ணி வந்துகீது."
எவ்வளவுடா?
"முட்டிக்கு. கொடி அந்தாண்ட கீது, நாம இந்தாண்ட."
போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டியிருப்பான் போல.
எனக்குக் கேட்டது தவளைகளும்
ஹைவேயில் ஒரு லாரியும்.

என்னுடைய அதிகபட்சம் தொண்ணூற்றைந்து,
அதுவும் காற்று பின்னாலிருந்து தள்ளிய ஒரு நாள்.

மூன்று வருடமாக ஆடுகிறோம்.
மணலில் விழும் சத்தம் தெரியும், பொத்.
தண்ணீரில் எப்படி விழும்?
டிவியில் பார்த்திருக்கிறேன்,
அங்கே பேசிக்கொண்டே இருப்பார்கள், கேட்காது.

முஸம்மிலுக்கு அனுப்பினேன்.
"அப்ப ஏழை விட்டுட்டு எட்டுக்குப் போயிடலாமா?"
பதில் போடவில்லை.
ஏழுக்கு நேரே மணல் என்பதை அடித்தேன்,
பந்து ஆறு என்பதையும்.
பந்து ஒன்பது.
கூடுதல் மூன்றும் வெட்டு விழுந்தது, பதினைந்து ரூபாய்,
வடைக் கணக்கில் கழிக்கக் கூடாது.
அலாரம் நாலரையிலிருந்து நாலு.
பிறகு, கீழே இடமில்லாமல்,
கன்னியப்பனின் தோளுக்குப் பக்கத்தில் நுணுக்கி எழுதினேன்:
ஒரு துண்டு, தேசிங்குக்கு.
வேண்டாமென்றாலும் இறங்குவான்.