சராசரி விதி

கன்னடியன் கால் கரை மீறிப்போன ஒன்பதாம் நாள்
சேரன்மாதேவி அரவை ஆலைக்குள்
ரப்பர் பூட்ஸோடு இறங்கினேன்.
சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் தோள் வரை.
மூட்டைத் தையல் வழியே
நெல் முளைத்திருந்தது,
விரற்கடை உயரம், நல்ல பச்சை.
படிவத்தில் முளைப்புக்குக் கட்டம் இல்லை.
மீட்பு மதிப்பு என்ற இடத்தில்
மாட்டுத் தீவனம், கிலோ நாலு ரூபாய்
என்று எழுதினேன்.

கோமதிநாயகம் பாலிசியை
பிளாஸ்டிக் உறையோடு நீட்டினார்.
பிரித்த அடையாளமே இல்லை.
"வெள்ளம்னு போட்டிருக்குல்லா மேடம்?"
போட்டிருக்கிறது.
புயல், சூறை, வெள்ளம், நீர் சூழ்தல்
நாலும் ஒரே வரியில்.
சொல்ல வேண்டியது அடுத்த பக்கம்.

ஆலையும் சரக்கும் எண்பது லட்சம் பெறும்.
பிரீமியம் குறையட்டுமென்று
நாற்பதுக்கு எழுதியிருக்கிறார்.
மிச்ச நாற்பதுக்கு
அவரேதான் இன்சூரன்ஸ் கம்பெனி.
தேய்மானம் போக, மீட்பு போக, நஷ்டம் பன்னிரண்டு.
பாதிக் காப்புக்குப் பாதிப் பணம், ஆறு.
அதிலும் முதல் துண்டு, எக்ஸஸ், அவர் தலையில்.
"நஷ்டம் நாப்பதுக்குள்ளதான மேடம் நிக்குது?"
எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.
சராசரி விதி என்று சொன்னேன்.
ஏதோ சாமி பேர் கேட்டதுபோல
இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

பாய்லர் பக்கம் ஒருத்தி நின்றாள், வலது கையில் கட்டு.
உலகம்மாள்.
தண்ணீர் ஏறிய ராத்திரி மோட்டாரைத் தூக்கும்போது
சங்கிலி நழுவி
ஆட்காட்டி விரல் அடியோடு போயிற்று.
"என் விரலுக்கு என்ன எழுதுவீய?"

என் வேலை சுவர், எந்திரம், சரக்கு.
விரலுக்கு வேறு பாலிசி, வேறு ஆள் வருவார்.
ஆனாலும் அட்டவணை மனப்பாடம்:
கட்டைவிரல் முப்பது, ஆட்காட்டி பதினாலு,
நடுவிரல் பன்னிரண்டு, சதவீதம்.
அவள் இடது கையை விரித்துப் பார்த்தாள்.
"பதினாலு எதுல?"
"சம்பளத்தை வச்சு ஒரு கணக்கு உண்டு."
கோமதிநாயகம் வாசலைப் பார்த்தார்.
கையில் கொடுப்பது பதினோராயிரம்,
பதிவேட்டில் ஆறாயிரம்.
ஆலையைப் பாதியாக்கிய அதே நீலப் பேனா.

"அன்னைக்கு இவளுக்கு டூட்டியே கெடையாது," என்றார்,
யாரிடமும் சொல்லாததுபோல.
வேலையின்போது, வேலையினால்.
இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்
எத்தனையோ வழக்கு படுத்துக் கிடக்கிறது.

நான் படிவத்துக்குத் திரும்பினேன்.
கேள்வி பதினேழு:
நஷ்டத்தைக் குறைக்க என்ன முயற்சி எடுத்தீர்கள்?
அவர் முகம் தெளிந்தது.
"மோட்டாரைக் காப்பாத்திட்டம்லா!
ஆள் கூப்பிட்டு மேல தூக்கி வச்சேன்.
அதுமட்டும் நாலரை லட்சம்."
"யாரைக் கூப்பிட்டீங்க?"

ஆலைக்குள் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

உலகம்மாள் பட்டன் போனை
இடது கட்டைவிரலால் தடவித் தடவி அமுக்கி
என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.
முதலாளி 11.42. முதலாளி 11.47. முதலாளி 11.48.
"மூணாவதுலதான் எடுத்தேன்.
பிள்ளைக்குக் காச்சல்."

எழுதினேன்:
உரிமையாளர் அழைத்ததன்பேரில்
தொழிலாளி உலகம்மாள் வந்து
மோட்டாரை மீட்க உதவினார்.
அவரிடம் பேனாவைக் கொடுத்தேன்.
நாலரை லட்சத்தை ஒருமுறை,
அவள் கட்டை ஒருமுறை பார்த்தார்.
போட்டார்.

சாட்சி என்ற இடத்தில் அவள்.
இடது கையால்.
'உ' மட்டும் மூன்று தடவை விழுந்தது.
அடிக்க வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.