வீடு சந்திப்பு நோட்டு

நோட்டில் நான்கு கட்டம்.
தேதி, குடும்பம், வாசித்த வேதபகுதி, ஜெபக்குறிப்பு.
மாதக் கடைசியில் ஆயர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

மூன்றாவது கட்டத்தில் நான் பொய் எழுதியிருக்கிறேன்.
கொசப்பேட்டை மரகதம் வீட்டில்
வேதம் திறக்கவே இல்லை.
சிலிண்டர் தீர்ந்த நேரம் போய் நின்றேன்.
பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேருமாய் ஒன்றை உருட்டி வந்தோம்.
அடுப்பு பற்றியதும் அவள் அழுதாள்,
சிலிண்டருக்காக அல்ல.
வீட்டுக்கு வந்து
மனப்பாடமான ஏதோ ஓர் எண்ணை எழுதி வைத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் எனக்குக் காலை ஷிப்ட்.
யாருடைய காய்ச்சல் என்று தெரியாமலே
இருபத்திரண்டு வருஷம் விரிப்பு மடித்திருக்கிறேன்.
புதன் மதியத்துக்கு மேல்
சபைக்காக நடக்கிறேன், இந்த வேலூர் வெயிலில்.

தோட்டப்பாளையம் எலியேசர் பெயருக்கு நேரே
எட்டு மாதமாய் ஒரே வார்த்தை: வரவில்லை.
ராணிப்பேட்டையில் தோல் ஷாப் தொட்டிக்குள் இறங்கின தம்பியை
கயிறு கட்டி மேலே இழுத்தவன் இவன்தான்.
அடக்க ஆராதனையில் யாரோ
தேவ சித்தம் என்று சொல்லிவிட்டார்கள்.
அதற்கப்புறம் கோயில் பக்கம்
தலை வைத்துப் படுக்கவில்லை.

போனேன். கதவு பாதிதான் திறந்தது.
"இன்னாக்கா, ஜெபம் பண்ண வந்தியா?
பண்றதுன்னா வெளியிலயே பண்ணிட்டுப் போ."
"தண்ணி குடு" என்றேன்.
நிஜமாகவே தாகம்.
சொம்பு கொடுத்தான், குடித்தேன், வந்துவிட்டேன்.
அடுத்த புதன் அதே சொம்பு.
அதற்கடுத்த புதன் கதவருகே ஸ்டூல் கிடந்தது.
முள் கத்தரிக்காய் விலை பேசினோம்.
மூலையில் பாட்டில்கள்.

வசனம் நாக்கு நுனி வரை வரும்,
அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிடுவேன்.
அது பயமா அன்பா
எனக்கு இன்றும் தெரியாது.

ஆவணியில் ஒரு நாள்
ஆஸ்பத்திரி கேட் ஓரம் ஒரு ஜார்கண்ட் பெண்
போவோர் வருவோரிடமெல்லாம் ஒரு சீட்டை நீட்டினாள்.
புருஷனுக்கு ஆபரேஷன். ஓ நெகடிவ்.
எனக்குத் தெரிந்த பத்து இந்தி வார்த்தையில்
எதுவும் அதற்கு உதவவில்லை.
வாலிபர் ஐக்கியத்தின் பழைய ரத்ததானப் பட்டியலில்
எலியேசர் பேர் இருந்தது ஞாபகம் வந்தது.

அன்று செவ்வாய். புதனுக்குக் காத்திருக்கவில்லை.
சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
தெருவிளக்கு எரிய ஆரம்பிக்கிற நேரம்,
அவன் கிளம்புகிற நேரம்.
"நாளைக்கின்னா
இன்னிக்கி குடிக்கக் கூடாது, இல்ல?"
"கூடாது."

அந்த ராத்திரியை எப்படிக் கழித்தானோ, கேட்கவில்லை.
என் வீட்டில் நான் முழங்காலில் இருந்தேன்,
நடுவில் தூங்கியும் போனேன்.

காலையில் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றான்.
கை நடுங்கியது.
"பயமாண்ணா?" என்றாள் ஊசி போடும் பிள்ளை.
பதில் இல்லை.
எல்லாம் முடிந்து, பிஸ்கட்டைக் கையில் வைத்தபடி,
"அந்த ஆளு பேரு இன்னாக்கா?"

எனக்குத் தெரியாது.
சீட்டு கவுண்டருக்குப் போய்விட்டது.
அதில் நான் வாசித்தது ரத்த வகை ஒன்றைத்தான்.

ஓடிப்போய் அவளிடம் கேட்டு வந்தேன்.
சோம்ரா.
பழக்கமில்லாத பேர்,
இரண்டு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

அரைமணி நேர மன்றாட்டுகள் நடத்தியவள் நான்,
உலக சமாதானத்திலிருந்து பாலாற்றுத் தண்ணீர் வரைக்கும்.
ஒரு பேரை இத்தனை பத்திரமாய்
வாயில் வைத்துக்கொண்ட ஆளைப் பார்த்ததில்லை.

ஞாயிறு வந்தானா என்று எல்லாரும் கேட்கிறார்கள்.
வரவில்லை.
திங்கள் காலை வந்தான், ஆஸ்பத்திரி கேட்டுக்கு,
சோம்ரா எழுந்து உட்கார்ந்தானா என்று கேட்க.
பாட்டில்கள் இன்னும் மூலையில்தான் இருக்கின்றன.
எத்தனை என்று சொல்ல மாட்டேன்.

இந்த மாதம் எலியேசர் பெயருக்கு நேரே
மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டேன்.
நான்காவதில் சோம்ரா என்று எழுதினேன்.
ஆயர் பேனாவைத் திறந்தவர் நிறுத்தி,
"இது நம்ம சபையில எந்தக் குடும்பம்?" என்றார்.