இரண்டு மொத்தநிறை

சம்மாந்துறை மில்லில் தராசு அறை.
இரவு பத்தே முக்கால். வெளியே
நெல்லோடு ஏழு ரெக்டர், எஞ்சின் நிறுத்தி.
முதல் துண்டை அடித்துத் தந்தது என் புரோகிராம்:
ஆதம்பாவா. சம்பா. 0 கிலோ.

தராசின் சிவப்பு எழுத்தில் 3140 எரிகிறது.
அதை வாசிக்கும் லைப்ரரியைக் கேட்டால்
அதுவும் 3140 என்கிறது.
மொத்தநிறையில் கூட்டிவிட்டேன் என்கிறது,
சத்தியம் பண்ணாத குறை.

ஜவ்பர் ஹாஜியார் கதவடியில் வந்து நின்றார்.
ஒன்றும் சொல்லவில்லை.
தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

ஏற்றும் வரியில் 'எல்லோருக்கும் பொது' என்று
ஒரு சொல்லை மாற்றினேன். பூச்சியம்.
தராசின் வயரைக் கழற்றிச் செருகினேன்,
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தும்.
பூச்சியம்.

கல்லடிக்குப் போன் எடுத்தேன்.
லைப்ரரி எழுதிய தர்ஷாந்தன் நித்திரைக் குரலில்:
"போன மாசம் ஏத்தேக்குள்ள
'மொத்தநிறை எண்டொரு பேர் இல்ல' எண்டு விழுந்ததக்கா.
அதான் உங்கட பொதிய என்ர பக்கமும் சேத்துக் கட்டினன்.
மறுகா விழயில்லதானே?"

விழவில்லை.
விழுந்திருக்கலாம்.

வெளியே தராசுப் பொடியன் கூப்பிடுகிறான்:
"ஆதம்பாவா!"
இருட்டில் இரண்டு பேர் எழும்புகிறார்கள்.
"எந்தக் குடி?"
"வரிசைநாச்சி."
மற்றவர் சாரத்தை உதறி
மறுபடி மூட்டையில் சாய்கிறார்.

நான் இவ்வளவு நேரமும் பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.
விலாசத்தைக் கேட்கவேயில்லை.

கேட்டேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரி.
புரோகிராமின் மொத்தநிறை 4010இல் முடிகிறது.
லைப்ரரியின் மொத்தநிறை 7028இல்.
ஒரே எழுத்துக்கூட்டல், இரண்டு வீடு.
அங்கே கூட்டுகிறது, இங்கே வாசிக்கிறேன்.
அந்தப் பக்கம் 3140 கிலோ
ஒருவரும் திறக்காத அறையில்
பத்திரமாக இருக்கிறது.

புரோகிராம் வெளியே காட்டும்
பெயர்ப்பட்டியலைக் கொட்டிப் பார்த்தேன்.
என் மொத்தநிறை அதில் இல்லை.
எல்லாவற்றையும் உள்ளே பூட்டி வைத்துவிட்டு
வந்தவன் என் பேரைச் சொல்லவில்லையே என்றால் எப்படி?
அவன் தேடியிருக்கிறான். கிடைக்காமல்
தன்னுடையதை எடுத்திருக்கிறான்.

கட்டும் வரியின் கடைசியில் ஒரே ஒரு சொல்:
பெயர்களை வெளியே விடு.
லிங்கர் நாற்பது வினாடி எடுத்தது.
ஹாஜியார் அதற்குள் தொப்பியை
மூன்று தரம் கழற்றினார்.

4010. 4010.
ஆதம்பாவா. சம்பா. 3140 கிலோ.

லைப்ரரிக்குள் அந்த மற்ற மொத்தநிறை
இன்னும் கிடக்கிறது, பூச்சியத்தோடு, கூப்பிடுவாரில்லாமல்.
நாளைக்குத் தர்ஷாந்தனிடம் சொல்லிக் கழற்ற வேணும்.
நாளைக்கு என்றுதான் சொல்கிறேன்.

ஒன்றரை மணிக்கு ஏழாவது ரெக்டர்.
மற்ற ஆதம்பாவா துண்டை லைட்டுக்குப் பிடித்து
மேலும் கீழும் பார்த்தார்.
"நிறை சரி மகள்.
ஆள் நானெண்டு இதில எங்க இரிக்கி?
காசி அவனுக்குப் போனா?"

திரையைப் பார்த்தேன்.
பேர், நெல், கிலோ.
அதற்கு ஒரு கட்டம் நான் வைக்கவில்லை.
பேனாவை வாங்கி, துண்டின் ஓரத்தில்,
அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:
ராசாம்பிள்ளைக் குடி.