பங்குனிக் கணக்கு

காலை எட்டுக்கே அம்பத்தூர் எஸ்டேட்டில்
கூரைத் தகரம் முனகத் தொடங்கிவிடும்.
ஆண்டுக் கணக்கு முடிக்கிற மாதம்.
பில் கட்டுகளுக்கு அடியில்
ஒரு வரைபடம் ஒளித்திருக்கிறோம், மெஹரும் நானும்.

பொள்ளாச்சி வரை ரயில்,
காத்திருப்புப் பட்டியலில் நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு.
வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு;
ஏழாவதிலேயே வாந்தி எடுப்பேன் என்கிறாள்.
எலுமிச்சம்பழம் இரண்டு, எழுதிக்கொள்கிறேன்.
அட்டைக்கு மூக்குப்பொடி.
சோலைமந்திக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது.
பிறகு உடுமலை இறங்கி, மறையூர் வழியாக இரவிகுளம்.

"மழைக்காட்டுல இப்ப மழை பெய்யுமா?"
"தெரியல. குடை எடுத்துக்க."
"என் குடை போன வெள்ளத்தோட போச்சு."

மதியம் இரவிகுளத்துக்குப் போன் போட்டேன்.
மலையாளம் கலந்த தமிழில் ஒருவர் சொன்னார்:
மார்ச் முடியிற வரைக்கும் அடைப்பு,
வரையாடு குட்டி போடுற நேரம்.

ஒரு மலையையே சாத்திவைத்திருக்கிறார்கள்
பிரசவத்துக்காக.

வவுச்சரில் பசை தடவிக்கொண்டிருந்த மெஹரின் விரல்
அப்படியே நின்றது.
போன பங்குனியில், ஏழாம் மாத வயிற்றோடு
சரக்கிருப்பு எண்ண ஏணி ஏறினவள்.
அதை நாங்கள் பேசுவதில்லை.

"அப்ப ஏப்ரல்ல போலாம்."
"ஏப்ரல்ல ஆடிட்."
"சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து,
"மூடட்டும். நல்லா மூடட்டும்."

டிக்கெட்டை நான் ரத்து செய்யவில்லை.
இன்று காலை பார்த்தேன்:
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
மேசை இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம்
எலுமிச்சம்பழ வாசனை.