மெலிந்ததன் மேல் கொழுத்தது

காட்பாடிப் பாலத்து நிழலில் மணலில் ஸ்டூல் போட்டு
தபித்தா பாலாற்றை வரைகிறாள்.
முதலில் வெறும் செங்காவி.
ஆறு எங்கே என்று நான் கேட்கவில்லை.
ஆய்வகத்தில் ஸ்லைடுகளுக்குச் சாயமேற்றுகிறவன் நான்;
இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் என் நிறங்கள்.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்:
டர்பன்டைன் விட்டு மெலிதாய் முதல் பூச்சு.
நான்கு நாள் காய்ச்சல்.
எண்ணெய் அதற்குப் பிறகுதான்,
மாற்றிப் பூசினால் வெடித்துவிடும்.
கண்ணைச் சுருக்கினால் மலை மூன்று பட்டை.
அவள் பெட்டியில் கருப்பு இல்லை.
நீலமும் காவியும் குழைந்தால் அவளுக்கு இருட்டு.

ஐந்தாவது சனிக்கிழமை
ஓரத்தில் மின்னிய விரற்கடைத் தண்ணீரை,
எனக்குப் பிடித்த ஒரே இடத்தை,
கத்தியால் வழித்துத் துணியில் துடைத்தாள்.

“நல்லாத்தானே இருந்துச்சு?”

“அதான். மத்ததெல்லாம் அதையே பாத்துக்கிட்டு நிக்குது.”

வழித்த இடத்தில் காவி தெரிந்தது,
ஊற்றுத் தோண்டுகிறவன் கைபட்ட மணல்போல்
உள்ளே ஏதோ ஈரத்தோடு.

அன்றிரவு சத்துவாச்சாரி அறையில்
ஓர் அட்டையில் நானும் மெலிதாய்ப் பூசினேன்.
பார்த்தால் கை ஊறும் என்று
சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

இன்று செவ்வாய்.
இன்னும் விரலில் ஒட்டுகிறது.